கையில் பட்ட பந்து

மே 5, திங்கள்

எனக்குக் குப்பை போடத் தெரியாது என்பது இன்று நிரூபணம் ஆகிவிட்டது. முப்பத்தொரு வருடம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். ஆட்டுக்குட்டி, வாழைத்தார், கல்யாணச் சீர்வரிசை என்று எது ஏறினாலும் அதை எங்கே வைக்க வேண்டும் என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவேன். இங்கே ஜெர்மனியில், மகள் வீட்டு வாசலில், ஒரு தயிர் டப்பாவை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றேன். நாலு நிறத்தில் நாலு தொட்டி. டப்பாவுக்கு ஒன்று, டப்பாவைச் சுற்றிய அட்டைக்கு ஒன்றாம். கடைசியில் டப்பாவைக் கழுவிப் பெட்டியில் வைத்துவிட்டேன். ஊரில் என் வீட்டுக்காரி கோமதிக்கு மிளகு போட்டு வைக்க ஆகும்.

மகள் செண்பகம் காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போனால் மாலை ஆறு மணிக்குத்தான் வருகிறாள். பெரிய பெரிய இயந்திரங்களுக்குப் படம் வரைகிற வேலை. "எப்பா, பொழுது போகலைன்னா இதுல ஏதாச்சும் எழுதுங்க" என்று இந்த நோட்டைக் கொடுத்தாள். வயது முப்பத்துநாலு. கல்யாணப் பேச்சை எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையும் விமான டிக்கெட்டோடு சேர்ந்தே வந்தது.

அதை நான் எடுக்கப்போவதில்லை. நான் எடுக்க வேண்டியது வேறு பேச்சு. அதற்காகத்தான் வந்தேன். பெட்டியின் அடியில் கோமதி ஒரு கவரை வைத்து அனுப்பியிருக்கிறாள். "நீங்களே சொல்லிட்டு வாங்க. சொல்லாம வந்தீங்கன்னா மறுநாளே நான் போனைப் போட்டுச் சொல்லிருவேன்" என்றாள். ஜூலை 5 அன்று திரும்பும் விமானம். ரெண்டு மாதம் இருக்கிறது. ஒன்றும் அவசரமில்லை.

மே 7, புதன்

பந்துச் சத்தம்! ஜன்னலைத் திறந்தால், தெருக்கோடி மைதானத்திலிருந்து தொம் தொம் என்று. செண்பகம் வருவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டேன்.

ஐந்தாறு கிழங்கள். எல்லோருக்கும் என் வயது, எல்லோருக்கும் என்னைவிட நல்ல முட்டி. புல்தரையில் குறுக்கே ஒரு நாடா கட்டி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பந்தை அடிக்கிறார்கள். வாலிபால் மாதிரிதான், ஆனால் இல்லை. பந்து ஒரு தடவை தரையில் குத்தி எழலாம். ஒரு கையால்தான் எடுக்க வேண்டும். முஷ்டியை மூடியிருக்க வேண்டும். விரல் பட்டால் தப்பு.

சங்கரன்கோவில் வட்டாரத்தில் 'லிஃப்டர்' ஆவுடையப்பன் என்றால் தெரியும். பத்து விரலாலும் பந்தைப் பூ மாதிரி தூக்கிக் கொடுப்பவன். அந்தப் பத்து விரலையும் மடக்கு என்கிற விளையாட்டு உலகத்தில் ஒன்று இருக்கிறது, அது என் மகள் வீட்டுக்கு ஐந்நூறு அடியில் இருக்கிறது.

பெரிய மீசைக்காரர் ஒருவர் கையைக் காட்டிக் கூப்பிட்டார். பெயர் டெட்லெஃப். பந்து என்னிடம் வந்ததும் ரெண்டு கையையும் சேர்த்து எடுத்தேன். தப்பு. அடுத்ததை விரலால் தூக்கினேன். தப்பு. அதற்கடுத்தது மூஞ்சியில் பட்டது. அது தப்பா இல்லையா என்று அவர்களுக்குள்ளேயே ஒரு விவாதம் நடந்தது.

டெட்லெஃப் தன் போனில் ஏதோ பேசி என் பக்கம் நீட்டினார். உள்ளேயிருந்து ஒரு பெண்மணி தமிழில் சொன்னாள்: "மதிப்பிற்குரிய ஐயா, அடுத்த புதன்கிழமை பதினெட்டு மணிக்கு வருகை தாருங்கள். தாமதம் வேண்டாம்."

மே 11, ஞாயிறு

பழக்கம் வர வேண்டும் என்று செண்பகத்தின் குடியிருப்புப் பின்சுவரில் ஒரு மணி நேரம் இரவல் பந்தை முஷ்டியால் அடித்துப் பழகினேன். மூன்றாம் மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. ஒரு அம்மாள் என்னைப் பார்த்தாள். வணக்கம் வைத்தேன். ஜன்னல் மூடியது. மரியாதை தெரியாத ஊர்.

மே 14, புதன்

மதியம் தபால் பெட்டியில் ஒரு கடிதம். தபால்தலை இல்லை, கையால் எழுதியது. செண்பகத்தின் பெயருக்கு. போன் கேமராவைக் காட்டினால் அது தமிழில் வாசித்துக் காட்டுகிறது: ஞாயிற்றுக்கிழமை இங்கே ஓய்வு நாள், சத்தம் கூடாது, தங்கள் வீட்டுப் பெரியவர் சுவரை இடித்துக்கொண்டிருந்தார், மறுபடி நடந்தால் வீட்டு நிர்வாகத்துக்கு எழுதுவேன்.

கடிதத்தை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தேன். அந்தப் பிள்ளை வேலையில் களைத்து வருகிறது, இது எதற்கு அதன் தலையில்?

வைத்த பிறகுதான் பார்த்தேன். கோமதி கொடுத்த கவருக்கு மேலேயே வைத்திருக்கிறேன்.

அதையும் எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யார் படிக்கப்போகிறார்கள். செண்பகம் பத்தாவது முடித்த வருஷம் வாலிபாலில் மாவட்டமே அவளைப் பார்த்துப் பயந்தது. சென்னையில் விளையாட்டு விடுதித் தேர்வுக்கு நான்தான் கூட்டிப்போனேன். ஒரு மாதம் கழித்து, அவளைத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது, வந்து சேரவும் என்று கடிதம் வந்தது. வாசலில் போஸ்ட்மேனிடம் வாங்கியது நான். அவளிடம், "லிஸ்ட்ல உம் பேரு இல்லையாம் தாயி" என்று சொன்னதும் நான். இன்ஷூரன்ஸ் காகிதங்களுக்கு நடுவில் அந்தக் கடிதம் பதினெட்டு வருஷம் இருந்தது. எனக்கு பாஸ்போர்ட் எடுப்பதற்காகப் பிறப்புச் சான்றிதழைத் தேடும்போது கோமதி கண்டுபிடித்துவிட்டாள்.

சின்னப் பெண்ணைத் தனியாக அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது? எந்தத் தகப்பனும் அதைத்தான் செய்திருப்பான்.

மே 21, புதன்

மாட்டிக்கொண்டேன். மூன்றாம் மாடி அம்மாள் செண்பகத்தைப் படிக்கட்டில் நிறுத்தி, கடிதத்துக்குப் பதில் இல்லையே என்று கேட்டிருக்கிறாள்.

"எப்பா, லெட்டர் வந்துச்சா?"

"எந்த லெட்டர்?"

"எப்பா."

எடுத்துக் கொடுத்தேன். படித்துவிட்டுச் சிரித்தாள். "வந்த லெட்டரை ஒளிச்சு வைக்கிற ஆளாப்பா நீங்க? சின்னப்பிள்ள ரேங்க் கார்டை ஒளிச்ச மாதிரில்லா இருக்கு."

நானும் சிரித்தேன். இரவு ரெண்டு தோசையோடு எழுந்துவிட்டேன். வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

ஜூன் 4, புதன்

கை இன்னும் திறந்துகொள்கிறது. டெட்லெஃப் ஒரு தேங்காய்நார்க் கயிறு மாதிரி எதையோ கொண்டுவந்து என் நாலு விரலையும் சேர்த்துக் கட்டிவிட்டார். பயிற்சி முடியும்வரை விரலோடு சேர்ந்து என் மானமும் கட்டப்பட்டிருந்தது. பந்து வாங்கும் கை வீங்கி, தைலம் போட்டால் அந்த வாசனைக்கு எதிரணியே பின்னால் நகர்கிறது.

ஆனால் ஒன்று. டெட்லெஃபும் பஸ்காரர்! முப்பது வருஷம் டிரைவர். இதைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு மாதம் ஆகியிருக்கிறது. நான் கண்டக்டர் என்று விசில் ஊதிக் காட்டினேன். ஒரு விசிலுக்கு நிறுத்தணும், ரெண்டு விசிலுக்குக் கிளம்பணும் என்று சொல்லிக்கொடுத்தேன். அவர் பஸ்ஸில் கண்டக்டரே இல்லையாம். "அப்போ யாருகூட சண்டை போடுவீங்க?" என்று கேட்டேன். போன்காரி அதை எப்படிச் சொன்னாளோ, மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இப்போது நான் ரெண்டு விசில் ஊதினால்தான் அவர் பந்தைப் போடுகிறார்.

அணித் தலைவி ரோஸ்விதா. அறுபத்தாறு வயது. அவள் அடித்தால் பந்து அழுகிறது. அந்தம்மா இருபத்தொன்றாம் தேதி பக்கத்து ஊரோடு நடக்கும் ஆட்டத்துக்கு என் பெயரையும் எழுதிவிட்டாள்.

செண்பகம் என்னைக் கூட்டிப்போக வந்து காரிலேயே இருந்தாள். ஒரு பந்து உருண்டு காருக்குப் பக்கத்தில் போனது. இறங்கி எடுத்துப் போடுவாள் என்று பார்த்தேன். கதவைத் திறந்து காலால் தள்ளிவிட்டாள். பந்தைக் கையால் தொட்டு எத்தனை வருஷம் ஆயிற்றோ.

விளையாடப் போயிருந்தால் படிப்பு கெட்டிருக்கும். இப்போது பார், ஜெர்மனி.

ஜூன் 15, ஞாயிறு

கோமதி போனில். "சொல்லியாச்சா?"

"மேட்ச் இருக்கு. முடிஞ்சதும் சொல்லுதேன்."

"உங்களுக்கு எப்பமும் ஏதாச்சும் ஒரு மேட்ச் இருக்கும்" என்று வைத்துவிட்டாள்.

ஜூன் 21, சனி

ஜெயித்தோம். சந்தோஷம் இல்லை.

நடந்ததை எழுதுகிறேன். மூன்றாவது செட். பதினொன்று எடுத்தால் வெற்றி. நாங்கள் பத்து, அவர்கள் ஒன்பது. பந்து உயரமாக என் தலைக்கு மேலே வந்தது. முப்பது வருஷப் பழக்கம். என்னைக் கேட்காமலே ரெண்டு கையும் மேலே போய்விட்டது. பாதியில் ஞாபகம் வந்து இழுத்தேன். வலதுகை நடுவிரல் நுனியில் உரசிப் பந்து கீழே குத்தியது. எழுந்து வந்ததை ரோஸ்விதா அடித்தாள். புள்ளி.

எதிரணி கத்தியது. நடுவர் அவர்கள் ஊர்க்காரர், எர்வின் என்று ஒருவர், நாடாவுக்கு அந்தப் பக்கம் நின்றதால் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்தார். பட்டதா என்று விரலைக் காட்டிக் கேட்டார்.

எங்கள் ஊர் டோர்னமென்டில் இந்தக் கேள்வியே கிடையாது. பட்டது என்று சொல்பவனை அணியிலேயே வைத்திருக்க மாட்டார்கள். படவில்லை என்று கத்துவதும், நெஞ்சில் அடித்துக்கொள்வதும், பந்தைத் தூக்கி எறிந்துவிட்டு வெளியே நடப்பதும் ஆட்டத்தில் பாதி. ஆட்டக்காரன் தன் வேலையைச் செய்கிறான், நடுவர் தன் வேலையைச் செய்கிறார். எனவே நானும் என் வேலையைச் செய்தேன். "நோ! நோ டச்!" என்றேன். கையை விரித்தேன். வானத்தைக் காட்டினேன். என் மகள்மேல் சத்தியம் என்பதுபோல் ஒரு பாவனைகூடச் செய்தேன்.

பெரிய சண்டைக்குத் தயாராக நிற்கிறேன். எர்வின் தலையை ஆட்டிவிட்டு எங்களுக்குப் புள்ளியைக் கொடுத்துவிட்டார். எதிரணியும் வாயை மூடிக்கொண்டது. அவ்வளவுதான். நான் சொல்லிவிட்டேனாம், அதோடு முடிந்ததாம்.

இப்படியா நம்புவார்கள்? கொஞ்சமாவது எதிர்த்துப் பேச வேண்டாமா? கோபம் கோபமாக வந்தது.

டெட்லெஃப் எனக்கு நாலடி தள்ளித்தான் நின்றார். ஆட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் பாட்டில் எடுத்துக் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

பெண் பிள்ளை அரைக்கால் டவுசரோடு ஓடினால் என் அண்ணன்மார் என்ன பேசியிருப்பார்கள் என்று யாராவது யோசித்தார்களா?

ஜூன் 25, புதன்

பயிற்சிக்குப் போனேன். ரெண்டு விசில் ஊதினேன். டெட்லெஃப் பந்தைப் போடவில்லை. என்னை ஓரமாகக் கூட்டிப்போய்ப் போனை நீட்டினார். போன்காரி சொன்னாள்: "உங்கள் விரலில் பந்து பட்டதை நான் கண்டேன். அதை உங்களுக்காக நான் கூற இயலாது. தாங்களே கூற வேண்டும்."

கோமதிதான் ஜெர்மன் பாஷையில் பேசிவிட்டாளோ என்று ஒரு நிமிடம் திகைத்துப் போனேன்.

"பார்த்தீர்ல? அப்ப அன்னைக்கே நடுவர்ட்ட நீரே சொல்லியிருக்க வேண்டியதுதானவே!" என்றேன்.

போன்காரி அதைச் சொன்னதும் மனிதர் மீசையைக் கடித்தார். ரோஸ்விதாதான் பள்ளிக்கூட இங்கிலீஷில் விளக்கினாள். நடுவர் எர்வின், டெட்லெஃபின் தம்பி. இருபத்தேழு வருஷமாகப் பேச்சு இல்லை. ஏன்? ஒரு பந்து கோட்டில் விழுந்தது என்று ஒருவர், வெளியே விழுந்தது என்று இன்னொருவர். அம்மா செத்ததற்குக்கூட ஆளுக்கொரு மூலையில் நின்றார்களாம்.

இதைக் கேட்டபோதுதான் வந்த நாளிலிருந்து முதல் தடவையாக இந்த நாடு எனக்குப் புரிந்தது. நம்ம ஆட்கள்தான். நிறம்தான் வேறே.

அவர் காரிலேயே பக்கத்து ஊர் போனோம். எர்வின் வீட்டு வாசலில் டெட்லெஃப் இறங்கவில்லை, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். நான் மட்டும் போய் மணியடித்தேன். கதவு திறந்ததும் நடுவிரலை நீட்டினேன். நீட்டிய பிறகுதான் அது வேறு அர்த்தம் ஆகுமே என்று உறைத்தது. அவசரமாக மற்ற விரல்களையும் நீட்டி, "பால். டச். ஐ லை. சாரி" என்றேன்.

எர்வின் என் விரலைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு தாளைக் கொண்டுவந்தார். பதினொன்று என்றிருந்ததை அடித்தார். அவர்கள் பக்கம் ஒன்பதைப் பத்து ஆக்கினார். பத்துக்குப் பத்து. இனி ரெண்டு புள்ளி முந்தினால்தான் வெற்றி. சனிக்கிழமை மூன்று மணிக்கு எல்லோரும் வந்து மிச்சத்தை ஆட வேண்டும் என்றார்.

மன்னித்தேன் என்று சொல்லியிருந்தால் போதாதா? மிச்சத்தை ஆட வேண்டுமாம்.

ஜூன் 28, சனி

பத்து கிழங்கள், நாலு கார், ஒரு கேக், எல்லாம் ரெண்டு புள்ளிக்காக. நாலே நிமிடத்தில் தோற்றோம். கடைசிப் பந்தை விட்டது நான். அதில் சந்தேகமே வேண்டாம், எங்கேயும் படவில்லை.

தாளில் தலைவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். ரோஸ்விதா வேண்டுமென்றே பேனாவை டெட்லெஃபிடம் கொடுத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய்விட்டாள். அண்ணனும் தம்பியும் மேஜைக்கு ரெண்டு பக்கம். எர்வின் புள்ளிக் கணக்கைச் சொன்னார். டெட்லெஃப் அதையே திருப்பிச் சொன்னார். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் கிளம்பும்போது எர்வின் மீதிக் கேக்கை டெட்லெஃப் கார் மேலே வைத்துவிட்டுப் போனார்.

செண்பகம்தான் என்னைக் காரில் கூட்டிப்போயிருந்தாள். திரும்பும் வழியில், "எதுக்குப்பா மறுபடியும் ஆடுனீங்க?" என்றாள். சொன்னேன்.

காரை ஓரமாக நிறுத்திவிட்டாள். "நீங்களா? நீங்களே போய்ச் சொன்னீங்களா? ஊர்ல அம்பயர் சட்டையப் பிடிச்ச ஆளு!"

"வயசாயிட்டு, பிடிக்க எட்டல."

"இல்லப்பா. உங்கள நெனச்சாப் பெருமையா இருக்கு."

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. இன்றே சொல்லிவிட வேண்டும் என்றிருந்தேன். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு எப்படிச் சொல்வது? ஒரு நாளாவது வைத்துக்கொள்கிறேனே.

ஜூலை 1, செவ்வாய்

மூன்று நாள் வைத்துக்கொண்டாகிவிட்டது.

ஜூலை 2, புதன்

சொல்லிவிட்டேன்.

அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தேன். கவரை மேஜையில் வைத்தேன். "இன்னொரு லெட்டரும் ஒளிச்சு வச்சிருக்கேன் தாயி" என்றேன்.

சிரித்துக்கொண்டே பிரித்தாள். முதல் ரெண்டு வரி வரைக்கும் சிரிப்பு இருந்தது.

தேதியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் தேதியைப் பார்த்தாள்.

"லிஸ்ட்ல பேரு இல்லைன்னு சொன்னீங்களே."

"இருந்துச்சு."

"ஏன்ப்பா?"

நான் தயார் செய்து வைத்திருந்த காரணங்கள் மூன்று. தூரம், படிப்பு, அண்ணன்மார் பேச்சு. மூன்றும் இந்த நோட்டிலேயே இருக்கின்றன. எர்வின் விரலைக் காட்டிக் கேட்டது மாதிரி அவள் நேராகக் கேட்டாள். மூன்றும் வாயில் வரவில்லை.

"நானும் மூணு தடவ செலக்‌ஷனுக்குப் போனேன். எனக்கு ஒருதடவையும் லெட்டர் வரல. ஒனக்கு மொதத் தடவையே வந்துட்டு" என்றேன். இதைச் சொல்லி முடித்தபோதுதான் இதுதான் காரணம் என்று எனக்கே தெரிந்தது.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம். "நான் லாயக்கில்லைன்னு நெனச்சேன்" என்றாள் மெதுவாக. "பதினெட்டு வருஷம். எங்க போனாலும், எந்த வேலைல சேந்தாலும், எனக்குப் பத்தாது, நான் பத்தாதுன்னே நெனச்சுட்டு இருந்தேன்ப்பா."

கடிதத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

ஜூலை 3, வியாழன்

சோறு இருந்தது, குழம்பு இருந்தது. தட்டு ஒன்றுதான் எடுத்து வைத்திருந்தது.

கோமதிக்குப் போன் போட்டு, "சொல்லிட்டேன்" என்றேன். "என்ன சொன்னா?" "ஒண்ணும் சொல்லல." "அப்ப இன்னும் முடியல" என்றாள்.

ஜூலை 4, வெள்ளி

நாளை விமானம். பெட்டியைக் கட்டினேன். தயிர் டப்பாக்கள் பதினொன்று சேர்ந்திருக்கின்றன. டெட்லெஃப் வந்து ஒரு பழைய தோல் பந்தைக் கையில் கொடுத்துவிட்டு, விசில் வேண்டும் என்று சைகை காட்டினார். கொடுத்துவிட்டேன்.

ஆறு மணிக்கு செண்பகம் வந்தாள். சோபாவில் கிடந்த பந்தைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு அதை எடுத்தாள். கையால்.

"வாங்க" என்றாள்.

மைதானத்தில் யாரும் இல்லை. என்னைப் பதினைந்தடி தள்ளி நிற்கச் சொன்னாள். பந்தை மேலே போட்டு அடித்தாள். பதினாறு வயதில் அடித்த அதே அடி. தோள் மட்டும் கனத்திருக்கிறது. பந்து என் முன்கையில் தீ மாதிரி விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். அடித்தாள். எடுத்தேன். அடித்தாள். ரெண்டு கையையும் சேர்த்துத்தான் எடுத்தேன். டெட்லெஃப் பார்த்திருந்தால் எல்லாமே தப்பு என்றிருப்பார். முகம் நனைந்து வழிய வழிய அடித்தாள். துடைக்கவில்லை. எத்தனை என்று எண்ணவில்லை. முட்டி மடங்கிப் புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

"எந்திரிங்க" என்றாள்.

எழுந்தேன்.

இருட்டும்வரை அடித்தாள். பிறகு பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். வாசலில் திரும்பி, "இதோட முடிஞ்சிட்டுன்னு நெனைக்காதீங்க. டிசம்பர்ல ஊருக்கு வாரேன். அங்கனயும் அடிப்பேன்" என்றாள்.

"வா தாயி" என்றேன்.

முழங்கை வரை சிவந்து வீங்கியிருக்கிறது. தைலம் போடவில்லை. பேனா பிடிக்க முடியவில்லை, இத்தோடு...